மலைச்சரிவில் மழைநீர் காக்கும் நெறி: போடி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

வறட்சியைப் பற்றிப் பேசும்போது மழை பொய்த்தது என்று வானத்தின்மேல் பழி கூறுவது நம் வழக்கமாகிவிட்டது. பெய்த மழையை நாம் என்ன செய்தோம் என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. தேனி மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது பாலைநிலத்து மழையன்று. எனினும் கோடையில் கிணறுகள் வற்றுகின்றன. ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுதோறும் மேலும் ஆழம் போகின்றன. மழைநீரைத் தேக்க அணை கட்ட வேண்டும் என்பதை அனைவரும் ஒப்புவர். எங்கே கட்டுவது, எதற்காகக் கட்டுவது, கட்டியபின் யார் காப்பது என்பனவே ஆராயத்தக்கன. போடிமெட்டையும் அதன் கிழக்குச் சரிவையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர் பிரியும் முகடு

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் போடிமெட்டை அடையலாம். அது கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. தமிழகமும் கேரளமும் பிரியும் இம்முகட்டில் மழைநீரும் இருவழியாகப் பிரிகிறது. மேற்கே வீழும் துளி பன்னியாற்றில் கலந்து, பெரியாற்றை அடைந்து, அரபிக்கடலுக்குச் செல்கிறது. கிழக்கே வீழும் துளி ஓடைகளின் வழியே கொட்டகுடி ஆற்றில் இறங்குகிறது. கொட்டகுடி ஆறு குரங்கணி மலைப்பகுதியில் தோன்றிப் போடியைத் தொட்டுத் தேனிப் பக்கம் சென்று, முல்லையாற்று நீரோடு கூடி வைகையை அடைகிறது.

முகட்டின் மேற்குப்புறம் தென்மேற்குப் பருவமழையை நேரே ஏற்கிறது. ஆகவே அங்கு ஏலம் தழைக்கிறது. கிழக்குப்புறமோ மழை மறைவுப் பகுதி. ஆனி, ஆடியில் காற்றும் சாரலுமே அதற்குக் கிட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே அதன் பெரும்பங்கு வாழ்வு. அம்மழையும் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். 3,000 அடி உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் வெள்ளம் ஊரைக் கடந்து போவதற்கு நெடுநேரம் ஆவதில்லை. கார்த்திகையில் கரைபுரண்ட ஆற்றில் பங்குனியில் மணலே எஞ்சுகிறது.

வைகைப் படுகை முழுவதற்கும் இவ்வினா பழையது. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்திற்குப் பின்னரே மேற்கே பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் திட்டம் செயல்வடிவம் பெற்றது. பென்னிகுவிக் பொறியாளராக நின்று, 1887இல் தொடங்கிய முல்லைப் பெரியாறு அணைப் பணியை 1895இல் நிறைவேற்றினார். அந்நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்தது. 1959இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை பயன்பாட்டிற்கு வந்தது. இவ்விரு பேரணைகளும் பல்லாயிரம் ஏக்கரை வாழ்விக்கின்றன. கொட்டகுடி ஆற்றின் மேற்பகுதியிலும் ஓர் அணை வேண்டும் என்னும் கோரிக்கை இவ்வட்டார உழவரிடையே நெடுங்காலமாக உள்ளது. அக்கோரிக்கை நியாயமானதே. ஆயினும் அணை எழும் வரையிலும், எழுந்த பின்னரும், செய்தே தீரவேண்டிய பணிகள் சில உள்ளன.

பழந்தமிழர் நெறி

புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு ஓர் அறிவுரை கூறுகிறார். நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தேக்குமாறு செய்தவரே நிலைத்த புகழ் பெறுவர் என்பது அதன் பொருள். போர்வெற்றி மிக்க வேந்தனிடம் ஒரு புலவர் கேட்டது நீர்நிலையே என்பது எண்ணத்தக்கது. அப்பாடலில் மற்றொரு நுட்பமும் உண்டு. மழையை மட்டுமே நம்பிய புன்செய் நிலம், எவ்வளவு பரந்ததாயினும், வேந்தன் முயற்சிக்குப் பயன்தராது என்கிறார் புலவர். நிலப்பரப்பைவிட நீர்த்தேக்கமே நாட்டின் செல்வம் என்பது அவர் கண்ட பொருளியல்.

நிலம் குழிந்த இடத்தைத் தேர்ந்து நீரைத் தேக்குக என்று அவர் கூறியது வெறும் வருணனையன்று. அதுவே நீரியலின் அடிப்படை விதி. அதனை ஒரு கணக்கின் வாயிலாக விளக்கலாம்.

சரிவும் கொள்ளளவும்

ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். அவ்வாறாயின் ஒரு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது 5 கோடி லிட்டர். அதில் நான்கில் ஒரு பங்கு மட்டும் ஓடையில் ஓடுவதாகக் கொண்டால், அது 1 கோடியே 25 இலட்சம் லிட்டர் ஆகும்.

இவ்வோடையின் குறுக்கே 2 மீட்டர் உயரமும் 20 மீட்டர் அகலமும் உள்ள தடுப்பணை ஒன்றைக் கட்டுவோம். ஓடைத்தளம் பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சரிந்திருப்பின், தேங்கும் நீர் பின்னோக்கி 20 மீட்டர் தூரமே நிற்கும். அதன் அளவு ஏறத்தாழ 4 இலட்சம் லிட்டர். ஓடி வந்த வெள்ளத்தில் இது முப்பதில் ஒரு பங்கு. அதே சுவரை நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுள்ள சமவெளி ஓடையில் கட்டினால் நீர் 200 மீட்டர் தூரம் நிற்கும். கொள்ளளவு 40 இலட்சம் லிட்டராகும். ஒரே கல், ஒரே சுண்ணம், ஒரே கூலி. பயனோ பத்து மடங்கு.

இனிக் கண்மாயை நோக்குவோம். நூறு ஏக்கர் பரப்புள்ள கண்மாய் ஏறத்தாழ 4 இலட்சம் சதுர மீட்டர் ஆகும். அதில் அரை மீட்டர் உயரம் வண்டல் படிந்துவிட்டால் நாம் இழப்பது 20 கோடி லிட்டர் கொள்ளளவு. மலைச்சரிவில் மேற்கூறியவாறு ஐந்நூறு தடுப்பணைகள் கட்டினாலும் அவை ஒருமுறை நிறைந்து தேக்கும் நீர் இவ்வளவே. புதிய அணைகள் வேண்டும் என்று மனு எழுதும் கை, ஊர்க் கண்மாயில் படிந்த வண்டலையும் அதன் வரத்துக் கால்வாயில் முளைத்த ஆக்கிரமிப்பையும் மறந்துவிடலாகாது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

அவ்வாறாயின் மலையில் தடுப்பணை வேண்டாவோ எனின், மிகவும் வேண்டும். ஆனால் அதன் பணி வேறு. சமவெளியில் கட்டும் அணை நீரைத் தேக்குவதற்கு. மலையில் கட்டும் அணை நீரைத் தாமதப்படுத்துவதற்கு. வேகம் தணிந்த நீர் தான் சுமந்து வரும் மண்ணை அங்கேயே இறக்கிவிடுகிறது. பாறைப் பிளவுகளின் வழியே நிலத்தினுள் இறங்குகிறது. மழை நின்ற பின்னும் ஊற்றாகக் கசிகிறது. மேலே மண் தங்கினால் கீழே கண்மாய் தூராது. இவ்விரண்டும் ஒரே நீர்வழியின் இரு முனைகள் ஆகும்.

சிற்றணை அமைக்கும் முறை

மலைச்சரிவில் பணி முகட்டிலிருந்து தொடங்கி அடிவாரம் நோக்கி இறங்க வேண்டும். கீழே முதலில் அணை கட்டினால் முதல் வெள்ளமே அதை மண்ணால் நிரப்பிவிடும்.

முதலாவது, மரநிழல். ஏலத்தோட்டத்தில் உயர்ந்த மரங்களின் நிழல் பயிருக்கு இன்றியமையாதது. அம்மரங்கள் மழைத்துளியின் தாக்குதலைத் தாங்கி, உதிர்ந்த இலைகளால் மண்ணை மூடிக் காக்கின்றன. மரம் போன சரிவில் எவ்வணையும் நெடுநாள் பயன்தராது.

இரண்டாவது, சரிவுக்குக் குறுக்கே சம உயரத்தில் வெட்டப்படும் வாய்க்கால்களும் வரப்புகளும். மூன்றாவது, சிற்றோடைகளில் அங்குக் கிடைக்கும் கற்களையே அடுக்கி அமைக்கும் கல் தடுப்புகள். இவை ஒரு மீட்டர் உயரத்திற்கு மேற்படாதிருத்தல் நன்று. கீழ்த்தடுப்பின் உச்சியும் மேல்தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் அமையுமாறு இடைவெளி விட வேண்டும். பத்துக்கு ஒன்று என்னும் சரிவில் ஒரு மீட்டர் உயரத் தடுப்புகளை ஏறத்தாழப் பத்து மீட்டருக்கு ஒன்றாக வைக்கலாம்.

நான்காவது, அடிவாரத்தில் கட்டப்படும் தடுப்பணை. இதற்கு ஓடை குறுகிய, இருகரையும் உறுதியான, பாறைத்தளம் உள்ள இடம் ஏற்றது. சுவரின் இருமுனைகளும் கரைக்குள் நன்கு ஊன்றப்பட வேண்டும். நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் மிகைநீர் கரையை அரித்து, அணையைத் தனியே நிறுத்திவிட்டுப் பக்கவழியே போய்விடும். மறுகால் நீர் வீழும் இடத்தில் கற்தளம் வேண்டும். இதைக் கைவிட்ட அணைகள் அடிமண் அரிப்புண்டு சாய்வதைக் காணலாம்.

ஐந்தாவது, சமவெளியில் உள்ள கண்மாய். போடியைச் சூழ்ந்த பங்காருசாமி கண்மாய், மீனாட்சியம்மன் கண்மாய் போன்றவை முன்னோர் நமக்கு வைத்துப்போன சேமிப்பு. மலையில் தணிந்த வெள்ளம் இறுதியாக வந்து நிற்கவேண்டிய இடம் இவையே.

உலகம் தரும் பாடங்கள்

அரபு நாட்டின் தென்கோடியில், இன்றைய ஏமன் நாட்டில், மாரிப் அணை இருந்தது. சபா நாட்டினர் கட்டிய அம்மண்ணணை மலைவெள்ளத்தைத் தடுத்து இருபுறமும் வயல்களுக்குத் திருப்பி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வறண்ட நிலத்தைச் சோலையாக்கியது. வெள்ளம் கொணர்ந்த வண்டலால் வயல்மட்டம் உயர்ந்துகொண்டே போக, அணையையும் உயர்த்த வேண்டியதாயிற்று. உடைப்புகள் நேர்ந்தன. கி.பி. 548இல் ஆபிரகா என்னும் மன்னன் அதைச் செப்பனிட்ட செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. அதன்பின் சில பத்தாண்டுகளில் அணை முற்றிலும் அழிந்தது. திருக்குர்ஆனின் 34ஆம் அத்தியாயமான ‘சபா’ இவ்வெள்ளத்தைக் குறிப்பிடுகிறது. அணையைக் கட்டிய தலைமுறையின் பெருமை, அதைக் காக்கும் தலைமுறையின் கையிலேயே உள்ளது என்பதற்கு இது சான்றாகும்.

இராசத்தான் மாநிலத்து ஆல்வார் மாவட்டத்தில் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டரே; நம்மினும் குறைவு. 1985இல் அங்குச் சென்ற இராசேந்திர சிங் என்பாரும் தருண் பாரத் சங்க இளைஞரும் கல்வியும் மருத்துவமும் புகட்ட விரும்பினர். முதலில் தண்ணீருக்கு வழி செய்யுமாறு ஊர் முதியவர் ஒருவர் அறிவுறுத்தினார். மறந்துபோன ‘சோகட்’ என்னும் பிறைவடிவ மண்ணணைகளை ஊரார் உழைப்புடன் மீண்டும் எழுப்பினர். அவை பெருகப் பெருகக் கிணறுகள் ஊறின. வறண்டு கிடந்த ஆரவரி ஆறு மீண்டும் ஓடியது. நீரைப் பங்கிட ஆற்றோர ஊர்கள் தமக்கென ஒரு பேரவையும் அமைத்தன. 2001இல் இராசேந்திர சிங்கிற்கு மகசேசே விருது வழங்கப்பெற்றது. முதியோர் அறிவும் இளைஞர் உழைப்பும் கூடியதே இவ்வெற்றியின் காரணம்.

கென்யா நாட்டின் கிட்டூயி, மச்சாக்கோசு பகுதிகளில் மணலாறுகளின் குறுக்கே சிறு சுவர் எழுப்புகின்றனர். சில பருவங்களில் அதன்பின் மணல் நிறைகிறது. மணலின் இடைவெளிகளில் நீர் நிற்கிறது. வெயில் அதைத் தொடுவதில்லை. திறந்த நீர்ப்பரப்போ நம் போன்ற வறண்ட பகுதிகளில் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் ஆவியாகிப் போகிறது. ஆற்றுமணல் கட்டடப் பொருள் மட்டுமன்று, அதுவே ஒரு நீர்த்தொட்டி என்பதை இம்முறை கற்பிக்கிறது. மணலை அள்ளிய ஆறு, தொட்டியை விற்ற வீட்டுக்கு ஒப்பாகும்.

பங்கீடும் பராமரிப்பும்

மேலே ஒருவர் தேக்கினால் கீழே மற்றவருக்குக் குறையும் என்பது உண்மை. கண்மாய்ப் பாசனத்தில் மடைக்கு முறை வைத்து நீர் பங்கிட நீர்க்கட்டி என்னும் பொறுப்பாளர் இருந்தார். மதீனாவின் ஓடைநீர் பற்றி எழுந்த வழக்கில், மேட்டு நிலத்தார் கணுக்கால் அளவு நீர் நின்றதும் கீழ்நிலத்தாருக்குத் திறந்துவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) தீர்ப்பளித்தார்கள். தேக்கும் உரிமையுடன் விடும் கடமையும் பிறக்கிறது என்னும் நெறி இரு மரபுகளுக்கும் பொதுவாதல் காண்க.

பராமரிப்பிற்கு நம் முன்னோர் வகுத்தது குடிமராமத்து. ஊரார் கூடிக் கரையைப் பலப்படுத்தி, வண்டலை வாரித் தம் வயலுக்கு எருவாக இட்டனர். தூர்வாருதலும் எருவிடுதலும் ஒரே வேலையாயின. 2017இல் தமிழக அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அரசு பணம் தரலாம். ஆண்டுதோறும் மதகைத் திறந்து பார்க்கும் கண் ஊராருடையதாகவே இருக்க வேண்டும்.

முடிவுரை

போடிமெட்டின் கிழக்குச் சரிவில் மழைநீரைக் காப்பது ஓர் அணையின் பணியன்று. முகட்டில் மரம், சரிவில் கல்தடுப்பு, அடிவாரத்தில் தடுப்பணை, ஆற்றில் மணல், சமவெளியில் கண்மாய் என ஐந்தும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒன்று அறுந்தாலும் நீர் நழுவிவிடும். பேரணை வருமாயின் அதற்கும் இவையே காவல். வாராது போயினும் இவையே வாழ்வு.

மாணவர்கள் அடுத்த விடுமுறையில் தத்தம் ஊர்க் கண்மாய்க்கு ஒருமுறை செல்க. வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபட்டது, வண்டல் எத்தனை அடி என்பவற்றை அளந்து எழுதுக. மறுகால் கடைசியாக எந்த ஆண்டு பாய்ந்தது என்பதை ஊர்ப் பெரியவரிடம் கேட்டறிக. அவ்வேட்டிலிருந்தே அவ்வூரின் நீர்ப்பணி தொடங்கும்.