இரு கித்தார்கள், ஒரு முழு இசைக்குழு

ரோட்ரிகோ சான்செஸ், கேப்ரியேலா குயின்டெரோ இருவரும் மெக்சிகோ நகரில் மெட்டல் இசைக்குழுவொன்றில் வாசித்தவர்கள். 1999-இல் அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் சென்று, தெருவோரம் வாசித்துப் பெயர் பெற்றனர். 2006-இல் தங்கள் பெயரிலேயே வெளியிட்ட இசைத்தொகுப்பு அயர்லாந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதில் பாட்டும் இல்லை, டிரம்ஸும் இல்லை.

அப்படியானால் தாளம் எங்கிருந்து வருகிறது? கேப்ரியேலாவின் வலக்கையைக் கவனியுங்கள். விரல்களை விசிறிபோல் விரித்துத் தந்திகளை அடுத்தடுத்து மீட்டுவது ‘ராஸ்கெயாடோ’; கித்தாரின் மேற்பலகையைத் தட்டுவது ‘கோல்பே’. இரண்டும் தென் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ மரபில் உள்ள உத்திகள். கேப்ரியேலா இத்தட்டலை விரிவாக்கி, டிரம்ஸின் வேலையையும் கித்தாரிடமே ஒப்படைத்தார். ரோட்ரிகோவோ ஃபிளமெங்கோ கலைஞர்களைப் போல் விரல்நகத்தால் மீட்டாமல், மெட்டல் கலைஞர்களைப் போலப் பிளெக்ட்ரம் கொண்டு அதிவேகமாக வாசிக்கிறார்.

எனினும், இவர்கள் தங்களை ஃபிளமெங்கோ கலைஞர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஃபிளமெங்கோ என்பது பாட்டு, ஆட்டம், கைத்தட்டல், ‘கொம்பாஸ்’ எனும் தாளச் சுழற்சி ஆகியவை இணைந்த மரபு. சில உத்திகளை எடுத்தாள்வதால் மட்டும் ஒரு மரபு நமதாகிவிடாது. கலப்பிசையைக் கேட்கும்போது எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிவோம். கொடுத்த மரபுக்கும் பெற்றவரின் உழைப்புக்கும் நாம் செய்யும் மரியாதை அதுவே.