மார்சிலிங் புகட்டும் பாடம்

ஜொகூர்க் கடற்பாலத்தைக் கடந்ததும் எதிர்ப்படும் அடுக்குமாடி வட்டாரங்களுள் மார்சிலிங்கும் ஒன்று. ரப்பர், அன்னாசித் தொழில்களிற் புகழ்பெற்ற லிம் நீ சூன் என்பாரின் தோட்டத்துப் பெயரே அதற்கு நிலைத்தது. நம்மைப் போலவே அங்கும் ஒரு காலத்தில் வைகறையிற் பால் வெட்டினர். இன்றோ அங்குப் பால்மரத் தோட்டம் இல்லை. தொழில் மாறும்போது தொழிலாளி என் செய்வது? இதனையே இம்மாதம் ஆராய்வோம்.

தொழிற்சாலைக் காலம்

1961இல் சிங்கப்பூரிற் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. ஜூரோங் சதுப்பு நிலம் தொழிற்பேட்டையாயிற்று. பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் என 1968இல் அறிவிக்கப்பட்டபோது, செம்பவாங் கடற்படைத் தளத்தில் உழைத்த நம்மவர் பலர் கலங்கினர். எனினும், அத்தளத்தின் பட்டறை அவ்வாண்டே வாணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் நிறுவனமாக மாறியது. 1970களில் மின்னணு ஆலைகள் பெருகின. பெண்களும் திரளாக வேலைக்குச் சென்றனர்.

சேவைத் துறை

மலிவான கூலியை நம்பிய தொழில், அதனினும் மலிவான கூலி கிடைக்கும் நாட்டிற்குப் போய்விடும். இதனை உணர்ந்த அரசு, 1979 முதல் சம்பளத்தை உயர்த்தித் திறன் மேம்பாட்டு நிதியையும் நிறுவியது. 1981இல் ரோலெய் புகைப்படக் கருவித் தொழிற்சாலை மூடப்பட்டது. 1985இல் பொருளாதாரமே சுருங்கியது. 1986இல் பொருளியல் குழு, உற்பத்தியோடு சேவைத் துறையையும் வளர்க்குமாறு பரிந்துரைத்தது.

சேவைத் துறை என்பது யாது? வங்கி, காப்புறுதி, துறைமுகம், மருத்துவம், கல்வி, கணினி முதலிய பணிகளே அது. இன்று அந்நாட்டு வருமானத்திற் பெரும்பகுதி இத்துறையினின்றே வருகின்றது. ஆயினும் ஆலைகள் ஒழிந்துவிடவில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இன்னும் உற்பத்தித் துறையினுடையதே.

இம்மாற்றம் அனைவருக்கும் இனிக்கவில்லை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. கல்வி குறைந்த முதியோர் பலருக்குத் துப்புரவுப் பணியும் காவற்பணியுமே கிட்டின. அவையும் சேவைத் துறையே, சம்பளமோ சொற்பம். 2014இல்தான் துப்புரவுத் தொழிலாளருக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை கட்டாயமாக்கப்பட்டது. மாறாக, 1983இல் தொடங்கிய அடிப்படைக் கல்வித் திட்டத்தில் வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் ஆங்கிலமும் கணிதமும் கற்றோர்க்கு மேற்பயிற்சிக்கு வழி பிறந்தது.

நாம் செய்யத்தக்கது

பால் அடியோடு வற்றும்வரை காத்திருந்து எவரும் மறுநடவு செய்வதில்லை; முன்னதாகவே கன்றுகளை வளர்க்கின்றோம். குடும்பத்திற்கும் அதுவே முறை. தோட்டம் செம்பனைக்கோ வீடமைப்பிற்கோ மாறும் நாள் வருமுன், ஒரு கைத்தொழிலைக் கற்போம். பிள்ளைகளின் படிப்பை இடையில் நிறுத்தாதிருப்போம்.

சிந்திக்க: நம் வீட்டில் இவ்வாண்டு புதிதாக ஒரு தொழிலைக் கற்கப் போகின்றவர் யார்?