புதிதாகப் பூட்டிய கணனி எழும்பவில்லையா?



கணனியை முழுசாக வாங்காமல், மதர்போர்ட், ரேம், பவர் சப்ளை என்று சாமான் சாமானாக வாங்கி வீட்டிலேயே பூட்டுகிற பிள்ளைகள் இன்று நமது லயங்களிலும் இருக்கிறார்கள். அப்படிப் பூட்டியது முதல் நாளே எழும்பாவிட்டால் என்ன செய்வது என்பதை இம்முறை பார்ப்போம்.

உயர்தரம் எழுதிவிட்டு இருந்த தம்பி ஒருவர் இப்படித்தான் ஒன்றைப் பூட்டினார். அம்மா கொழுந்தெடுத்துக் கட்டிய சீட்டுக் காசில் வாங்கிய சாமான்கள். சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, மொனிட்டரோ இருட்டு. மதர்போர்ட் செத்துப்போச்சு என்று முடிவுகட்டி, அதைக் கழற்றிக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏற இருந்த நேரத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். "மாஸ்டர், காசு அவ்வளவும் போச்சுங்களா?" என்று அந்த அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

போகவில்லை. புதிய கணனி எழும்பாத பல இடங்களில் சாமான் கெட்டிருப்பதில்லை, பூட்டியதில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கும். ஆகவே எதையும் புதிதாக வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில், கணனி முழுசாகச் செத்ததுபோல் கிடக்கிறதா, அல்லது விசிறியாவது சுற்றுகிறதா என்று கவனிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு நோய்.

ஒன்றுமே அசையவில்லை என்றால் கரண்ட் வருகிற வழியைப் பாருங்கள். சுவரிலுள்ள பிளக்கில் போன் சார்ஜரைச் செருகிப் பார்க்கலாம். பவர் சப்ளையின் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும், அது கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் அல்ல. சிரிக்காதீர்கள், இதை மறந்தவர்களில் நானும் ஒருவன். பழைய பவர் சப்ளை சிலவற்றில் 115, 230 என்று மாற்றுகிற சிவப்புச் சுவிட்சும் உண்டு. நம் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட். 115இல் வைத்துப் போட்டால் பவர் சப்ளை வெடித்துவிடும், அதனால் போடுவதற்கு முன்பே பாருங்கள்.

அடுத்து, மதர்போர்டுக்குப் போகும் 24 பின் வயர். கிளிப் "டக்" என்று விழும்வரை அமுக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் சிறிய வயர் இடம் மாறியிருந்தாலும் கணனி எழும்பாது. மதர்போர்டோடு வரும் புத்தகத்தில் அதற்குப் படம் இருக்கிறது. பொத்தானே பழுதோ என்று சந்தேகம் வந்தால், ரீசெட் பொத்தானின் வயரைக் கழற்றி பவர் பொத்தானின் இடத்தில் செருகி, ரீசெட்டை அமுக்கிப் பாருங்கள். எழும்பினால் குற்றம் பொத்தானில்தான்.

விசிறி சுற்றி, திரை மட்டும் இருட்டாக இருந்தால்? நம் தம்பியின் கதை இதுதான். மதர்போர்டுக்கு 24 பின் வயர் மட்டும் போதாது. புரொசசருக்கென்று தனியாக 4 அல்லது 8 பின் வயர் ஒன்று, போர்டின் மேல் மூலையில் செருக வேண்டும். தம்பி அதைப் பெட்டியின் பின்தகட்டுக்கு அப்பால் விட்டுவிட்டார். அதே மாதிரி தோற்றமுள்ள இன்னொரு 8 பின் வயர் கிராபிக்ஸ் கார்டுக்கானது. இரண்டிலும் பெயர் அடித்திருக்கும், வாசித்துவிட்டுச் செருகுங்கள். போகாததைப் பலவந்தமாக அமுக்கக் கூடாது.

வயரைச் செருகினோம். திரை அப்பவும் இருட்டு! ஒரு கோளாறுதான் இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. மொனிட்டர் வயர் மதர்போர்டில் செருகியிருந்தது. அவர் வாங்கிய புரொசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிகிறது. இன்டெல் புரொசசரில் அந்த எழுத்து வந்தால் படம் காட்டும் பகுதி உள்ளே கிடையாது. ஆகவே வயர் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகப்பட வேண்டும்.

ரேமும் இப்படி ஏமாற்றும். பார்த்தால் உட்கார்ந்தது போலிருக்கும், ஒரு முனை மட்டும் மேலே நிற்கும். கழற்றி, நேராக வைத்து, சத்தம் கேட்கும்வரை அமுக்குங்கள். நான்கு பள்ளங்கள் இருந்து ஒரே ஒரு ரேம் என்றால், அனேகமான போர்டுகளில் புரொசசரிலிருந்து இரண்டாவது பள்ளமே அதற்குரியது. டி.டி.ஆர்.5 ரேம் போட்ட புதிய கணனி முதல் தடவை எழும்ப சில நிமிடங்கள்கூட எடுக்கும். அவசரப்பட்டு அணைத்து அணைத்துப் போடாமல், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள். பல போர்டுகளில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு குட்டி லைட்டுகள் உண்டு. எந்த லைட் அணையாமல் நிற்கிறதோ கோளாறு அந்தப் பக்கம்.

போட்டவுடன் ஒரு சுற்றுச் சுற்றி நின்று, மறுபடி சுற்றி நிற்கிறதென்றால், போர்டின் அடிப்பக்கம் இரும்பில் தொடுகிறதோ என்று சந்தேகப்படுங்கள். போர்டைத் தாங்கும் பித்தளைக் கட்டைகளில் ஒன்று ஓட்டையில்லாத இடத்தில் இருந்தால் இப்படி வரும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, போர்ட் வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, புரொசசர், அதன் விசிறி, ஒரு ரேம், பவர் சப்ளை மட்டும் போட்டுப் பாருங்கள். எஃப் வகையென்றால் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். எழும்பினால் மற்றதை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். எது சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. எதையும் தொடுமுன் சுவர்ப் பிளக்கைக் கழற்றுங்கள்.

இவ்வளவுக்கும் எழும்பாவிட்டால், புரொசசர் போர்டைவிடப் புதியதாக இருந்து, போர்டின் பயோஸ் அதை அறியாமல் இருக்கலாம். பில்லையும் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போக வேண்டியது அப்போதுதான். வளைந்த பின்னை ஊசியால் நிமிர்த்தப் போய் வாரண்டியை இழந்துவிடாதீர்கள்.

பெற்றோருக்கு ஒன்று. கணனிப் பெட்டியைத் தொட்டால் விர்ரென்று கை கூசுகிறதா? அனேகமாக அந்தப் பிளக்கில் எர்த் இல்லை. பழைய லய வயரிங்கில் இது நடக்கும். வயரிங் தெரிந்தவர் வந்து பார்க்கும்வரை போடவே வேண்டாம். பவர் சப்ளையையும் பிள்ளைகள் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் கரண்ட் தங்கி நிற்கும்.

வயரை மாற்றிச் செருகியதும் தம்பியின் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. "இது என்னங்க, மறுபடி கெட்டுப் போச்சா?" என்றார் அம்மா. இல்லை, கணனி உயிரோடுதான் இருக்கிறது, விண்டோஸ் இன்னும் போடவில்லை என்றுதான் சொல்கிறது என்றேன். அதற்கு 8 ஜி.பி. அளவாவது உள்ள பென் டிரைவ் ஒன்று தேவை. போடும் முறையை அடுத்த இதழில் பார்ப்போம்.