தேகத்தின் இருப்புக் கணக்கு

ஆண்டு முடிந்ததும் சரக்கைக் கணக்கெடுத்து ஐந்தொகை போடாத வியாபாரி நம்மில் எவரும் இலர். ஆனால், அக்கடையை நடத்தும் தேகத்தின் இருப்பைக் கணக்கெடுத்தவர் எத்தனை பேர்? நோயில் படுத்த பின்பே வைத்தியரைத் தேடுகிறோம். சரக்கு தீர்ந்த பின் பேரேட்டைப் புரட்டுவது போன்றது இது.

எடையும் இரத்த அழுத்தமும் மட்டும் பார்த்தால் போதாது. இருதயமும் நுரையீரலும் சேர்ந்து, உழைக்கும் தசைகளுக்கு எவ்வளவு பிராணவாயுவைக் கொண்டு சேர்க்கின்றன என்பதே முக்கியமான அளவு. சும்மா உட்கார்ந்திருக்கையில், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நிமிடத்தில் சுமார் 3.5 மில்லிலிட்டர் பிராணவாயு செலவாகிறது. முழுமூச்சாக உழைக்கையில் அது எத்தனை மடங்கு உயர்கிறதோ, அதுவே நமது கையிருப்பு. மருத்துவமனையில் ஓடுபொறியில் நடக்கவிட்டு, முகத்தில் மூடியிட்டு, மூச்சை அளந்து இதனைக் கண்டறிவர்.

லண்டன் மாநகரப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து, ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் 1953-ஆம் ஆண்டு ஓர் உண்மையை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டரோ மாடிப் பேருந்தில் தினமும் 500 படிகளுக்கு மேல் ஏறி இறங்குபவர். இருவருக்கும் ஒரே பேருந்து, ஒரே வேலை நேரம். ஆயினும் மாரடைப்பு கண்டக்டர்களிடையே குறைவாகவே இருந்தது. நம் கடையில் கல்லாவை விட்டு எழாத முதலாளியையும், ஓடியாடிச் சரக்கு எடுக்கும் ஊழியரையும் எண்ணிப் பாருங்கள்!

பருத்தவர்களே ஓட்டுநர் வேலைக்குப் போயிருக்கலாமே எனச் சிலர் ஐயுறலாம். ஆகவே உடல் திறனையே நேரில் அளந்து பார்த்தனர். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 13,000-க்கு மேற்பட்டோரை ஓடுபொறியில் சோதித்து, சராசரி 8 ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, 1989-இல் முடிவை வெளியிட்டனர். திறன் மிகக் குறைந்த ஆண்களின் மரண விகிதம், திறன் மிகுந்தோருடையதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. நாடி, இரத்த அழுத்தம் போல இதனையும் வைத்தியர்கள் வழக்கமாகக் கவனிக்க வேண்டுமென்று அமெரிக்க இருதயச் சங்கம் 2016-இல் கூறியது.

ஓடுபொறி இல்லாதவர்க்கு மாடிப்படி உண்டு. ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் 2020-இல் தெரிவித்த முறை இது. நான்கு மாடிகள், அதாவது சுமார் 60 படிகளை, ஓடாமல், நிற்காமல் வேகமாக ஏறுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஏறினால் நன்று. ஒன்றரை நிமிடத்துக்கு மேலானால் வைத்தியரைக் கண்டு ஆலோசியுங்கள். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் உள்ளவர்களும், இருதய நோய், இரத்தக் கொதிப்பு, நீரிழிவுக்கு மருந்துண்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் இச்சோதனையில் இறங்கலாகாது. ஏறும்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

இருப்புக் குறைவென்று கண்டால் மனந்தளர வேண்டாம். இது வளர்க்கக்கூடிய முதல். வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம் விரைந்து நடங்கள். பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். மூன்று மாதத்துக்கொரு முறை அதே படிகளில் ஏறி, ஆன நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

தீர்ந்த சரக்கை நாளையே வரவழைத்துக் கொள்ளலாம். முதலாளியை எங்கிருந்து வரவழைப்பது?