ஆடிப்பூரத் தேரைப் பார்க்கும் விதம்

இராஜபாளையத்துப் பஞ்சாலையொன்றில் யந்திரங்களைப் பழுது பார்க்கும் உத்தியோகத்தில் பல்லாண்டுகள் கழித்தவன் ஆகையால், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளும் ஆடிப்பூரத் தேரைத் தரிசிக்கச் செல்லும்போதெல்லாம், கைகள் குவிந்திருக்கையிலேயே என் கண்கள் சக்கரத்தையும் அச்சையும் தேடிப் போய்விடும். பக்திக்கு அது குறைவென்று நான் கருதியதில்லை. அந்த ரதத்தை நிர்மாணித்த தச்சர்களின் பக்தி, அச்சிலும் ஆப்பிலும் மரப்பூட்டிலும் அல்லவா குடிகொண்டிருக்கிறது!

தேரை முழுமையாக அனுபவிக்க விரும்புகிறவர்கள் தேரோட்டத்தன்று மாத்திரம் போவது போதாது என்பது என் அபிப்பிராயம். உற்சவத்துக்குச் சில தினங்கள் முன்பே, ஜனக்கூட்டம் சேராத வேளையில், தேரடிக்குச் சென்று அடித்தட்டை நிதானமாகச் சுற்றி வர வேண்டும். என்றும் நிலைத்திருக்கும் மரவேலை அந்த அடிப்பாகந்தான். அதன்மேல் கால்கள் நட்டு, துணிகளும் தொம்பைகளும் கட்டி, கலசம் வரை எழுப்புகிற உயரமெல்லாம் உற்சவந்தோறும் புதிதாகச் செய்யப்படும் அலங்காரம். தேர் நகரும் நாளில் அந்த அலங்காரமே கண்ணை நிறைத்துவிடுமாதலால், அடுக்கடுக்காக அமைந்த சிற்பங்களையும், ஒரு மரம் மற்றொரு மரத்தைக் கவ்விக்கொண்டிருக்கும் பொருத்தின் நுட்பத்தையும் கிரகித்துக்கொள்ள அவகாசம் கிடைப்பதில்லை.

இப்படி உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் ரசனை வேறிடத்திலும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், 1930-களில், வாலிபர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, வேகத்துக்கு உதவாத மட்கார்டு முதலியவற்றைக் கழற்றி எறிந்து, 1932-இல் வெளிவந்த வி-8 எஞ்சினை அவற்றில் பொருத்தி, வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டி மகிழ்ந்தார்கள். ‘ஹாட் ராட்’ எனப்படும் அவ்வகை வண்டிகளின் கண்காட்சிகளில், எந்த உறுப்பு பழையது, எது கைவினைஞன் தன் யோசனையால் செய்து சேர்த்தது என்று ரசிகர்கள் குனிந்து குனிந்து ஆராய்வார்களாம். நம் தேருக்கும் அந்தப் பார்வை வேண்டும் என்பேன். மரச் சக்கரங்களில் உருண்ட ரதம் இன்று இரும்புச் சக்கரங்களில் உருள்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பி.எச்.இ.எல். ஆலை இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தது தமிழ்நாடு அறிந்த செய்தி. சம்பிரதாயம் கெட்டுவிட்டதென்று வருந்துகிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். வடம் பிடிக்க வருகிறவன் உயிரோடு வீடு திரும்புவதைக் காட்டிலும் பெரிய சம்பிரதாயம் ஏது?

இத்தனை புதுமைகளுக்குப் பின்னும் மாறாதிருப்பது முட்டுக்கட்டை. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, அச்சு திரும்பாது, ஆயிரக்கணக்கானோர் இழுக்கும் அந்தப் பாரத்தை வீதியின் நடுவே நடத்திச் செல்பவர்கள், சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்து ஓடும் ஒரு சிலரே. ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்துத் தடுக்கையில், மறுபக்கம் முன்னேறி, ரதத்தின் முகம் தடுத்த பக்கமாகச் சிறிது திரும்பும். கட்டையைக் கொடுக்கும் கணமும், கோணமும், உருவும் கணமும் தவறாதிருந்தால்தான் தேர் வீட்டுச் சுவரை உரசாமல் நேரே செல்லும். இழுப்போருக்குச் சைகை காட்டக் கொடியசைப்பவரின் கையையும் கட்டை போடுபவரின் கையையும் மாறி மாறிக் கவனித்து வந்தீர்களானால், எங்கள் ஆலையில் தேர்ந்த பிட்டர் யந்திரத்தின் ஓசையைக் கேட்டே முடுக்குவதும் தளர்த்துவதும் போன்ற வித்தை அது என்பது விளங்கும்.

இதைக் காண உகந்த ஸ்தானம் ரத வீதியின் முனை. நேர் வீதியில் தேர் விரைந்து கடந்துவிடும், முனையிலோ அங்குலம் அங்குலமாகத் திரும்பும். முனையிலிருந்து சற்று விலகிய வீட்டாரிடம் அனுமதி பெற்று, உயர்ந்த திண்ணையொன்றில் நின்றுகொள்வது உத்தமம். வடம் பிடிக்க ஆசையுள்ளவர்கள் தேரை விட்டு எட்டியிருக்கும் நுனிப்பக்கத்தில் பிடிக்கட்டும். இரண்டு வடங்களுக்கு இடையே புகுவதும், தேர் நின்றுவிட்டதென்று எண்ணிச் சக்கரத்தருகே செல்வதும் கூடவே கூடாது. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வடம் பிடிக்கப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

இராஜபாளையத்திலிருந்து பிரயாணம் சொற்ப தூரமே எனினும், தேரன்று விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிடுவது நல்லது. அவகாசமுள்ளவர்கள் உற்சவத்தின் ஐந்தாம் நாள் இரவின் ஐந்து கருட சேவையையும், ஏழாம் நாள் சயன சேவையையும் தவறவிட வேண்டாம்.

தேர் நிலைக்கு வந்து, கூட்டம் கலைந்த பிறகு, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ மறுபடியும் ஒருமுறை தேரடிக்குச் செல்லுங்கள். நசுங்கிப் பிளந்த முட்டுக்கட்டைகள் அங்கே கிடக்கும். சக்கரம் எந்தப் பக்கத்தில் அதிகமாக அழுத்தியது என்பதை அவற்றிலேயே படித்துவிடலாம். ஆசாரிமாரும் அப்போது சற்று ஓய்வாக இருப்பார்கள். சிற்பத்தின் அழகை எல்லோரும் அவர்களிடம் புகழ்கிறார்கள். நீங்கள் எந்த மரம் எந்த வருஷம் மாற்றப்பட்டது, முனையில் திரும்புகையில் எந்தப் பூட்டு முனகியது என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.