தொப்பம்பட்டித் தோட்டத்திற்கேற்ற கனிமரம்

உலர்ந்த சர்க்கரைப் பாதாமியைச் சுவைத்தோர் அதன் கொட்டையைப் புறக்கடையில் ஊன்றி நீர் வார்த்தல் உண்டு. முளை தோன்றினும் தோன்றும். கனி தோன்றுதல் அரிது. லடாக்கில் இம்மரம் பனிக்காலத்தே இலையுதிர்த்து உறங்கும். வெப்பம் 7 பாகைக்குக் கீழாகப் பல நூறு மணி நேரம் கழிந்தாலன்றி அதன் மொட்டுகள் செவ்வனே விழிப்பதில்லை. தொப்பம்பட்டியின் மார்கழி இரவும் அத்துணைக் குளிர் தாராது. எருவும் நீரும் எத்துணை இடினும் இக்குறை தீராது. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் பேரியும் பிளம்சும் காய்த்தலும், அடிவாரத்தில் அவை காயாமையும் இது பற்றியே.

ஆதலின் யாம் பரிந்துரைப்பது கொய்யா. பழனியை அடுத்த ஆயக்குடி இக்கனியாற் பெயர் பெற்றதன்றோ! இதுவும் அமெரிக்க வெப்பநாடுகளினின்று வந்ததே. அயல்மரம் என்பது குறையன்று. அதற்கு வேண்டும் தட்பவெப்பம் ஈண்டு உண்டா என்பதே வினா.

விதைக்கன்று தாய்மரத்தை ஒவ்வாது போதலுண்டு, பதியக்கன்றே கொள்க. ஈரடிக் குழியில் மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் இட்டு நடுக. கொய்யா புதுத்தளிரிலேயே பூப்பதாகலின் கவாத்து இன்றியமையாதது. காய்ப்பு முடிந்தபின் கிளைநுனிகளை அரைச்சாண் அளவு நறுக்கின் பக்கத்தளிர்கள் கிளைத்துப் பூக்கும். நேரே ஓங்கும் கொம்பை வளைத்துத் தரையில் அடித்த முளையிற் கட்டினும் அப்பயனே விளையும். மரத்தில் அரிவாள் படப் பொறாத பாட்டிமார்க்கு இம்முறை உவப்பாம். பழ ஈயால் புழுத்து உதிர்ந்த கனிகளை அன்றன்றே ஆழப் புதைக்க. மரத்தடியிற் கிடப்பின், புழு மண்ணுட் புகுந்து கூடாகி, ஈயாய் மீண்டு, அடுத்த காய்ப்பையும் கெடுக்கும்.