சோறு இருந்தும் சாப்பிடாத பிள்ளை



பாளையம்பட்டி, திருச்சுழி வட்டாரத்தில் பசியைப் பற்றி யாருக்கும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்த்த வருஷத்தில் கம்பங்கூழை அளந்து ஊற்றிய பாட்டிமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அதனால்தான், பானையில் சோறு இருந்தும் ஒரு பிள்ளை சாப்பிட மறுத்தால், "கொழுப்பு. ரெண்டு நாள் பட்டினி கிடந்தா தானா வரும்" என்று சொல்லிவிடுகிறோம். எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தாது.

ஒரு தறி வீட்டுப் பெண். பதினோராம் வகுப்பு. ஆடி மாதம் முளைப்பாரிக்கு விரதம் இருந்தாள், ஒருவேளைச் சாப்பாடு. முளைப்பாரி கரைத்தாயிற்று, விரதம் மட்டும் முடியவில்லை. "வயிறு கல்லு மாதிரி இருக்கு, இறங்க மாட்டேங்குது" என்பாள். மந்திரித்தார்கள், கோடாங்கி பார்த்தார்கள். காசநோயோ என்று சளிப் பரிசோதனையும் செய்தார்கள், ஒன்றும் இல்லை. நானும் போய் முருங்கைக்கீரை, கடலைமிட்டாய், இரும்புச்சத்து மாத்திரை என்று மூன்று மாதம் பேசிவிட்டு வந்தேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல் தெரிந்ததைச் சொல்லிவிட்டு வந்தது என் தவறுதான்.

ஒருநாள் தாய் என்னைத் தனியே அழைத்து, "என்னம்மா செய்ய, மூணு மாசமா தூரம் ஆகல. ஊருல வேற மாதிரி பேசுறாக" என்று அழுதாள். கர்ப்பம் இல்லை. உடம்பில் சத்து வற்றியதால் மாதவிலக்கு நின்றிருந்தது. எடை 34 கிலோ. கை சில்லிட்டு, முதுகில் பூனைமுடி படர்ந்து, நாடி மெதுவாக ஓடியது. இப்படி வந்தால் அது வெறும் பசியின்மை அல்ல, உயிருக்கு ஆபத்தான நோய்.

லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-74இல் இதற்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயரிட்டார். பணக்கார நாட்டுப் பெண்கள் மெலிய வேண்டும் என்று வரவழைத்துக்கொள்ளும் வியாதி என்றே வெகுநாள் நினைத்தார்கள். ஆனால் புதுடெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக மருத்துவர்கள் 1995இல் எழுதிய ஐந்து இளம்பெண்களிடம், சாப்பிட மறுப்பது, வாந்தி, எடை குறைவு, மாதவிலக்கு நிற்பது எல்லாம் இருந்தன. தன் உடம்பு குண்டு என்ற எண்ணம் மட்டும் இல்லை. நம் பிள்ளைகள் பெரும்பாலும் வயிற்றைத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு நாம் ஏமாந்துவிடுகிறோம்.

இன்னொரு வகை புலிமியா. எடை குறையாது, ஆகவே கண்ணுக்குத் தெரியாது. நாளெல்லாம் பட்டினி, பிறகு யாரும் இல்லாதபோது அள்ளி அள்ளித் தின்பது, உடனே விரலை விட்டு வாந்தி. கன்னம் உப்பும், பல் அரிக்கும், விரல் முட்டியில் தழும்பு விழும். அடிக்கடி வாந்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பே தடுமாறலாம். வாந்திக்குப் பின் உடனே பல் துலக்கக்கூடாது, வாயை மட்டும் கொப்பளிக்க வேண்டும்.

பட்டினி மனதை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை ஒன்று உண்டு. 1945இல் திடகாத்திரமான 36 ஆண்கள் தாமே முன்வந்து 24 வாரம் அரைவயிறு உண்டார்கள். எடை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. எந்நேரமும் சோற்று நினைப்பு, சமையல் புத்தகங்களைச் சேர்ப்பது, எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காமை. திரும்ப உணவு கொடுத்தபோது சிலர் கட்டுக்கடங்காமல் தின்றார்கள். இவர்களுக்கு முன்பு மனநோய் எதுவும் கிடையாது. மெலிந்துபோன பிள்ளையிடம் புத்திமதி ஏறாததற்கு இதுவே காரணம். முதலில் உடம்பு தேற வேண்டும், பேச்சு பிறகுதான் ஏறும்.

ஒரு எச்சரிக்கை. பல நாள் பட்டினி கிடந்தவரை வீட்டில் வைத்துத் திடீரென்று வயிறு முட்ட ஊட்டாதீர்கள். "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க" என்று எங்கேயாவது போய்ப் படுக்கவும் வைக்காதீர்கள். இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் சடுதியில் இறங்கி இதயம் பாதிக்கப்படும். இரத்தம் சோதித்து, தையமின் கொடுத்து, படிப்படியாக உணவைக் கூட்டுவது மருத்துவமனை வேலை.

அந்தப் பெண்ணும் சில வாரம் மருத்துவமனையில் இருந்தாள். அதன்பின் வாராவாரம் மனநல ஆலோசனை. மருந்து கொஞ்சம், பேச்சு அதிகம். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப சிகிச்சை முறை இது. என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதை முதல் கட்டத்தில் பெற்றோரே முடிவு செய்கிறார்கள். யார்மேல் குற்றம் என்ற பேச்சே கிடையாது. தகப்பனார் வேளாவேளைக்குத் தறியை நிறுத்திவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டைத் தள்ளினால் திட்டவில்லை. "இது நீ பேசல தாயி, நோய் பேசுது. இன்னும் ஒரு வாய்" என்பார். ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம் ஆன நாளும் உண்டு. எடை ஏறிய பிறகு பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடமே விட்டார்கள்.

பெரியவர்களுக்கும் புலிமியா உள்ளவர்களுக்கும் வேறு முறை. ஒரு நோட்டில் சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டது, அப்போது மனதில் ஓடியது எல்லாவற்றையும் எழுத வேண்டும். மூன்று வேளை உணவு, இடையே இரண்டு சிற்றுண்டி. நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக்கூடாது. பட்டினியை நிறுத்தினால் அள்ளித் தின்பது குறையும், அது குறைந்தால் வாந்தியும் குறையும். எடை வாரம் ஒருமுறை மட்டும். சுமார் 20 அமர்வு.

இந்தப் பெண் பேசத் தொடங்கியபோதுதான் பரீட்சைப் பயம் வெளியே வந்தது. "என் கையில இருந்தது தட்டு ஒண்ணுதான்" என்றாளாம். குணமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் பரீட்சை நேரம் மறுபடி எடை இறங்கியது. யாரும் கையை விடவில்லை, மறுபடி ஏறியது. அடுத்த ஆடிக்கும் முளைப்பாரி எடுத்தாள். விரதம் வேண்டாம் என்று அப்பத்தாவே சொல்லிவிட்டாள்.

மயக்கம், கால் வீக்கம், மிக மெதுவான நாடி, மாதவிலக்கு நிற்பது, தண்ணீர்கூடக் குடிக்க மறுப்பது, "சாகணும்" என்ற பேச்சு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதம் வேண்டாம். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் காட்டி, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ மனநலப் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். போகும்போது முந்தைய எடை, கடைசி மாதவிலக்குத் தேதி, வாங்கிச் சாப்பிட்ட மாத்திரை, பேதி மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லவும்.